நெஞ்செரிச்சல், எதுக்களிப்பு: புதிதாகத் தொடங்குபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

சாப்பிட்ட சிறிது நேரத்தில் நெஞ்சுக்குழியில் கிளம்பும் எரிச்சல் தொண்டை வரை ஏறுகிறது. கீழே விழுந்ததை எடுக்கக் குனிந்தால் புளிப்புத் தண்ணீர் வாய்க்கு வருகிறது. நடு இரவில் இருமலோடு விழிப்புத் தட்டுகிறது. நெஞ்சுக்கரிப்பு, எதுக்களிப்பு, அசிடிட்டி, கேஸ் ட்ரபிள் என்று இதற்குப் பல பெயர்கள் இருந்தாலும், நம் ஊரில் அதிகம் புழங்கும் பெயர் ‘அல்சர்’. பரிசோதனை எதுவும் செய்யாமலேயே ‘எனக்கு அல்சர் இருக்கு’ என்று முடிவு செய்துகொண்டு, மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய மாத்திரையை ஆண்டுக்கணக்கில் விழுங்குகிறவர்கள் ஏராளம்.

அல்சர் என்றால் புண். இரைப்பையின் உள்சுவரிலோ சிறுகுடலின் தொடக்கத்திலோ வருவது. எதுக்களிப்பு வேறு நோய். அதற்குக் காரணமும் வேறு, வைத்தியமும் வேறு. மருத்துவர் உங்களுக்கு ‘ரிஃப்ளக்ஸ்’, அதாவது எதுக்களிப்பு, என்று சொல்லியிருந்தாலோ, இருக்குமோ என்று நீங்களே சந்தேகப்பட்டாலோ, கீழே உள்ள வரிசையிலேயே போவது நல்லது. மாத்திரை பற்றிய பகுதிக்கு முதலில் தாவ வேண்டாம்.

முதலில் இதயத்தைப் பாருங்கள்

‘வெறும் வாயுதான்’ என்று சோடா குடித்துவிட்டுப் படுத்து, மாரடைப்பில் போனவர்களைப் பற்றிக் கேள்விப்படாத தெரு நம் ஊரில் இல்லை. உணவுக்குழாயும் இதயமும் நெஞ்சுக்குள் அடுத்தடுத்து இருக்கின்றன. வலியை மூளைக்குக் கொண்டுபோகும் நரம்புப் பாதைகளும் பெரும்பாலும் ஒன்றே. அதனால் வலியின் தன்மையை மட்டும் வைத்து இதுவா அதுவா என்று வீட்டில் தீர்மானிக்க முடியாது.

நடக்கும்போதோ மாடிப்படி ஏறும்போதோ நெஞ்சு அழுத்தி, நின்றால் விடுகிறது என்றால் அது இதயத்தின் குரல். வலி இடது தோள், கை, தாடை, முதுகுக்குப் பரவுவது, குப்பென்று வியர்ப்பது, மூச்சு வாங்குவது, தலை கிறுகிறுப்பது, இவற்றில் எது இருந்தாலும் 108-ஐ அழையுங்கள். ஈசிஜி எடுத்த பிறகு ‘ஒன்றுமில்லை, நெஞ்செரிச்சல்தான்’ என்று திருப்பி அனுப்பினால் நஷ்டம் எதுவும் இல்லை. சர்க்கரை நோயாளிகள், வயதானவர்கள், பெண்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். இவர்களுக்கு மாரடைப்பே சில நேரம் வலியில்லாமல், வெறும் வயிற்றுப் புரட்டலாகவும் களைப்பாகவும் வரும். ஈனோ போன்ற பொடியைக் குடித்துவிட்டு ஏப்பம் வருகிறதா என்று காத்திருக்கும் அரை மணி நேரம் உயிருக்கே உலையாகலாம். ஏப்பம் வந்து சற்று லேசானாலும் அது இதயம் நன்றாக இருக்கிறது என்பதற்குச் சான்று ஆகாது.

உள்ளே என்ன நடக்கிறது

உணவுக்குழாய் சுமார் 25 செ.மீ. நீளமுள்ள தசைக்குழாய். அது இரைப்பையோடு சேரும் இடத்தில் சுருக்குப்பை வாய் போல ஒரு தசை வளையம் இருக்கிறது. உணவு இறங்கும்போது திறந்து, மற்ற நேரத்தில் மூடியிருக்க வேண்டும். வயிறு உப்பும்போது இந்த வளையம் விழுங்காமலேயே சில நொடிகள் தளர்ந்து கொடுக்கும். ஏப்பம் வெளியேறுவது இப்படித்தான். ஏப்பத்தோடு அமிலமும் ஏறி வந்தால் அது எதுக்களிப்பு. இரைப்பையின் உள்சுவருக்கு அமிலத்தைத் தாங்கச் சளிப்படலம் இருக்கிறது. உணவுக்குழாய்க்கு அந்தக் கவசம் இல்லை.

பெரும்பாலானவர்களுக்கு அமிலம் அளவுக்கு மேல் சுரப்பதில்லை. சரியான அளவு அமிலம் தவறான இடத்துக்குப் போகிறது. இதை மனதில் வைத்துக்கொண்டால் பின்னால் சொல்லும் எல்லாவற்றுக்கும் காரணம் புரியும். மாத்திரை அமிலத்தின் வீரியத்தைக் குறைக்கும், ஆனால் தளர்ந்த வளையத்தை இறுக்காது. மாத்திரை போட்டும் ‘எரிச்சல் போய்விட்டது, ஆனால் தண்ணீர் மேலே வருவது நிற்கவில்லை’ என்று பலர் சொல்வது இதனால்தான்.

நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசைத்தடுப்பான உதரவிதானத்தில் உணவுக்குழாய் நுழையும் துளை வழியாக இரைப்பையின் மேற்பகுதி நெஞ்சுக்குள் ஏறியிருந்தால் அதை ஹயாட்டஸ் ஹெர்னியா என்பார்கள். எண்டோஸ்கோபி (வாய் வழியாகக் கேமராக் குழாயை விட்டு உள்ளே பார்க்கும் சோதனை) அறிக்கையில் இந்தச் சொல்லைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். சிறிய அளவில் பலருக்கு இருப்பதுதான். ஆனால் வளையம் பலவீனமாக இருப்பதற்கு அது ஒரு காரணம்.

வீட்டு வைத்தியத்தை நிறுத்த வேண்டிய அறிகுறிகள்

விழுங்கும்போது உணவு சிக்குவது, விழுங்கினால் வலிப்பது, முயற்சி செய்யாமலே எடை குறைவது, ரத்த வாந்தி அல்லது காப்பித்தூள் கலந்தது போன்ற வாந்தி, தார் போலக் கறுத்துப் பிசுபிசுப்பாக, கடும் நாற்றத்தோடு போகும் மலம், ரத்தசோகை, நிற்காத வாந்தி. இவற்றில் ஒன்று இருந்தாலும் எண்டோஸ்கோபி தேவைப்படும். ரத்த வாந்தியோ கறுப்பு மலமோ என்றால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். 50 வயதைத் தாண்டிய பிறகு முதன்முறையாக இந்தத் தொந்தரவு தொடங்கினாலும் மாத்திரையோடு விட்டுவிடாதீர்கள். இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடுபவர்களுக்கும் மலம் கறுக்கும். அது கெட்டியாக, கரும்பச்சை சாயலில் இருக்கும், தார் போல ஒட்டாது. சந்தேகம் இருந்தால் ரத்தத்தில் ஹீமோகுளோபின் பார்த்துவிடுவது எளிது.

படி 1: இரவைச் சரிசெய்யுங்கள்

செலவில்லாமல் அதிகப் பலன் கிடைப்பது இங்கேதான். பகலில் அமிலம் ஏறினால் புவியீர்ப்பு கீழே இழுக்கும், எச்சில் விழுங்கிக் கழுவிவிடுவோம். தூங்கும்போது எச்சில் சுரப்பும் விழுங்குவதும் வெகுவாகக் குறைந்துவிடும். ஒருமுறை ஏறிய அமிலம் நெடுநேரம் அங்கேயே கிடக்கும். உணவுக்குழாயைப் புண்ணாக்குவதில் இரவு எதுக்களிப்புக்குப் பங்கு அதிகம்.

இரவுச் சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் இடையே 3 மணி நேரம் வேண்டும். 10 மணிக்குப் படுப்பவர் 7 மணிக்குள் சாப்பிட்டு முடிக்க வேண்டும். வேலையிலிருந்து வீட்டுக்கு வரவே 9 ஆகிறவர்கள் சாப்பாட்டை இரண்டாகப் பிரித்துக்கொள்ளலாம். மாலை 6 அல்லது 6.30 மணிக்கு வேலையிடத்திலேயே வயிறு நிறைய ஏதாவது சாப்பிடுங்கள். டிஃபன் பாக்ஸில் சப்பாத்தியோ சாதமோ கொண்டுபோவது வசதி. வீடு வந்ததும் 2 இட்லியோ ஒரு கிண்ணம் கஞ்சியோ போதும். சாப்பிட்ட கையோடு சோபாவில் சாய்வதும் படுப்பதற்குச் சமம்தான்.

அடுத்தது கட்டில். தலைப்பக்கத்துக் கால்கள் இரண்டையும் 15 முதல் 20 செ.மீ. உயர்த்த வேண்டும், அதாவது 6 முதல் 8 அங்குலம். சாதாரணச் செங்கல் ஒன்றின் கனம் சுமார் 3 அங்குலம். இரண்டை அடுக்கினால் கணக்கு வந்துவிடும். ஆனால் வழவழப்பான டைல்ஸ் தரையில் செங்கல் நகரும், கட்டில் கால் நழுவும். செங்கல்லுக்கு அடியில் பழைய மிதியடி ரப்பரை வெட்டிப் போடுங்கள். தச்சரிடம் சொல்லி, கட்டில் கால் உட்காரும்படி நடுவில் குழிவு எடுத்த மரக்கட்டை இரண்டு செய்து வாங்கினால் இன்னும் நல்லது. முதல் சில நாட்கள் கால்பக்கம் சறுக்குவது போல இருக்கும், பழகிவிடும்.

தலையணைகளை அடுக்குவதுதான் எல்லோரும் செய்யும் தவறு. மூன்று தலையணை வைத்தால் தலையும் கழுத்தும் மட்டும் உயரும், உடல் இடுப்பில் மடியும், வயிறு அமுங்கும். எதுக்களிப்பு கூடத்தான் செய்யும். உயர வேண்டியது இடுப்புக்கு மேலே உள்ள முழு உடம்பு. பாயில் படுப்பவர்களும், கட்டிலில் துணைக்குச் சாய்வு பிடிக்காதவர்களும் சரிவான ஃபோம் மெத்தைத் துண்டு வாங்கலாம். இடுப்பிலிருந்து தலை வரை தாங்கும் நீளம் இருக்கிறதா என்று கடையிலேயே படுத்துப் பாருங்கள்.

மூன்றாவது, இடது பக்கம் ஒருக்களித்துப் படுப்பது. அப்போது இரைப்பையின் பெரும்பகுதி கீழே தொங்கும், அமிலம் அங்கே தேங்கும், வாய்ப்பகுதி மேலே இருக்கும். வலது பக்கம் திரும்பினால் இது தலைகீழாகி, அமிலம் வாசலிலேயே நிற்கும். தூக்கத்தில் புரண்டுவிடுபவர்கள் முதுகுக்குப் பின்னால் நீளத் தலையணை ஒன்றை அண்டக் கொடுக்கலாம்.

படி 2: சாப்பாடு, ஆனால் பட்டியல் போட்டு அல்ல

‘புளி கூடாது, காரம் கூடாது, தக்காளி கூடாது, காப்பி கூடாது’ என்று ஒரு தாளைக் கையில் கொடுத்துவிட்டால் ஒருவர் இரண்டு வாரம் தயிர்சாதம் சாப்பிடுவார், மூன்றாவது வாரம் எல்லாவற்றையும் விட்டுவிடுவார். எல்லோருக்கும் பொதுவான விலக்குப் பட்டியல் என்று ஒன்று கிடையாது. வத்தக்குழம்பு ஒருவரை வாட்டும், இன்னொருவரை ஒன்றும் செய்யாது. உங்கள் எதிரி எது என்று நீங்களே கண்டுபிடிக்க வேண்டும்.

ஒரு சின்ன நோட்டில் 14 நாட்கள் எழுதுங்கள். நேரம், சாப்பிட்டது, அளவு, எப்போது படுத்தீர்கள், எரிச்சல் எத்தனை மணிக்கு வந்தது. இவ்வளவு போதும். எழுதும்போது உண்மையைச் சொல்லுங்கள்: ‘தோசை’ என்று எழுதினால் பயனில்லை, ‘நெய் ரோஸ்ட் 2, இரவு 9.40, படுத்தது 10.15’ என்று எழுதினால் குற்றவாளி தோசையா, நெய்யா, நேரமா என்று பார்க்க முடியும். சந்தேகப்படும் பொருளை ஒரு நேரத்தில் ஒன்றாக 2 வாரம் நிறுத்தி, மறுபடி சேர்த்துப் பாருங்கள். நிறுத்தியதும் அடங்கி, சேர்த்ததும் திரும்பினால் மட்டுமே அதை விலக்குங்கள்.

பெரும்பாலானவர்களின் நோட்டில் முதலில் அகப்படுவது எண்ணெய்தான். கொழுப்பு இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்தும், வளையத்தையும் தளர்த்தும். பரோட்டா சால்னா, பிரியாணி, பஜ்ஜி போன்றவை இரவில் சாப்பிட்டால் தாமதமும் கொழுப்பும் நிறைந்த வயிறும் ஒன்றுசேர்கின்றன. பிரியாணியைக் கைவிட மனமில்லாதவர்கள் அதை மதியத்துக்கு மாற்றி, வழக்கமாகச் சாப்பிடுவதில் பாதி அளவு வைத்துக்கொள்ளட்டும். காப்பி, சாக்லேட், புதினா மிட்டாய், மது, குளிர்பானம் ஆகியவை அடுத்து வரும் பொதுவான சந்தேக நபர்கள். புகைப்பது வளையத்தைத் தளர்த்துவதோடு எச்சிலையும் குறைக்கும். இதில் பேரம் பேச இடமில்லை, நிறுத்தியாக வேண்டும்.

‘பால் குடித்தால் அடங்கும்’ என்பது பாதி உண்மை. குடித்த உடனே அமிலத்தை மட்டுப்படுத்தும். பிறகு அதிலுள்ள புரதமும் கால்சியமும் புதிய அமிலச் சுரப்பைத் தூண்டும். கொழுப்புள்ள பாலைப் படுக்கும் முன் ஒரு டம்ளர் குடிப்பது நள்ளிரவு எரிச்சலுக்கு நேர்வழி.

வயிற்றை அழுத்தும் எதுவும் எதுக்களிப்பைத் தள்ளிவிடும். பாவாடை நாடாவையும் பெல்ட்டையும் ஒரு துளை தளர்த்துங்கள். கோலம் போடுவது, தரை துடைப்பது போன்ற குனியும் வேலைகளைச் சாப்பாட்டுக்கு முன்னால் முடித்துவிடுங்கள். சிரசாசனம் போன்ற தலைகீழ் ஆசனங்களும் வயிற்றை மடக்கும் உடற்பயிற்சிகளும் சாப்பிட்டு 3 மணி நேரம் ஆகும்முன் வேண்டாம். எடை கூடியவர்களுக்கு எடையைக் குறைப்பதைப் போல நிலையான வைத்தியம் வேறில்லை. 80 கிலோ உள்ளவர் 4 முதல் 8 கிலோ குறைத்தாலே வித்தியாசம் தெரியும்.

படி 3: மாத்திரையைச் சரியான நேரத்தில் போடுங்கள்

மாத்திரை வேலை செய்யவில்லை என்று வருபவர்களிடம் ‘எப்போது போடுகிறீர்கள்?’ என்று கேட்டால் பாதி விடை கிடைத்துவிடும். காப்பியோடு போடுவார்கள். சாப்பிட்டு முடித்துப் போடுவார்கள். எரியும்போது மட்டும் போடுவார்கள். மூன்றும் தவறு.

ஒமிப்ரசோல் 20 மி.கி., பான்டோபிரசோல் 40 மி.கி., ரபிபிரசோல் 20 மி.கி., எசோமெப்ரசோல் 40 மி.கி. ஆகியவை ஒரே குடும்பம். இரைப்பைச் சுவரின் செல்களில் அமிலத்தை இறைக்கும் நுண்ணிய பம்புகளை இவை பூட்டிவிடும். ஆனால் ஓடிக்கொண்டிருக்கும் பம்பை மட்டுமே இவற்றால் பிடிக்க முடியும். பம்புகளை ஓடவைப்பது உணவு. மாத்திரையோ ரத்தத்தில் ஓரிரு மணி நேரம்தான் தங்கும். ஆகவே மருந்து ரத்தத்துக்கு வந்து சேரும் நேரமும் சாப்பாடு வயிற்றுக்கு வரும் நேரமும் ஒன்றாக இருக்க வேண்டும். சாப்பாட்டுக்கு 30 முதல் 60 நிமிடம் முன்பு என்று சொல்வது இதற்காகத்தான்.

நடைமுறையில் இப்படி அமையும். காலை 6.30-க்கு எழுந்ததும் வெறும் தண்ணீரில் மாத்திரை. பல் துலக்கி, குளித்து, 7.15-க்குச் சிற்றுண்டி. காப்பி அதோடு சேர்த்து. பால் சேர்த்த காப்பியை மாத்திரைக்கு முன்னால் குடித்தால் அதுவே சாப்பாட்டுக் கணக்கில் வந்துவிடும். இன்னொரு தவறு, 6.30-க்கு மாத்திரை போட்டுவிட்டு 11 மணி வரை ஒன்றும் சாப்பிடாமல் இருப்பது. பம்புகள் ஓடத் தொடங்கும்போது மருந்து போய்விட்டிருக்கும். காலையில் சாப்பிடும் பழக்கமே இல்லாதவர் முதல் சாப்பாடு எதுவோ அதற்கு முன் போடட்டும். இரவுத் தொந்தரவு மட்டும் உள்ளவர்களுக்கு இரவுச் சாப்பாட்டுக்கு முன் மாற்றிக் கொடுப்பதும் உண்டு. மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

முதல் மாத்திரையிலேயே எல்லாப் பம்புகளும் அடங்காது. முழுப் பலனுக்கு 3 முதல் 5 நாள் ஆகும். இரண்டாம் நாளே ‘இது கேட்கவில்லை’ என்று வேறு மாத்திரைக்குத் தாவாதீர்கள். அபாய அறிகுறி எதுவும் இல்லாத வழக்கமான நெஞ்செரிச்சலுக்கு நாளுக்கு ஒன்று என்று 8 வாரம் கொடுத்துப் பார்ப்பதுதான் நடைமுறை. மாத்திரையைக் கடிக்கவோ பொடிக்கவோ கூடாது. இரைப்பையின் அமிலமே இந்த மருந்தை அழித்துவிடும் என்பதால்தான் குடலில் கரையும்படி மேல்பூச்சு கொடுத்திருக்கிறார்கள்.

இப்போது உங்கள் மாத்திரை அட்டையைத் திருப்பிப் பாருங்கள். பெயருக்குப் பின்னால் ‘டி’ அல்லது ‘டிஎஸ்ஆர்’ என்று இருக்கிறதா? அதில் டொம்பெரிடோன் என்ற இரண்டாவது மருந்து இருக்கிறது. குமட்டலுக்கும் வயிறு உப்பலுக்கும் குறுகிய காலம் கொடுப்பது. இதயத் துடிப்பின் ஒழுங்கைக் கெடுக்கக்கூடும் என்பதால் ஐரோப்பிய மருந்து ஒழுங்குமுறை அமைப்பு 2014-ல் இதைப் பெரியவர்களுக்கு நாளுக்கு 3 முறை, முறைக்கு 10 மி.கி.க்கு மிகாமல், பொதுவாக ஒரு வாரத்துக்கு மேல் கொடுக்க வேண்டாம் என்று கட்டுப்படுத்தியது. நம் ஊரில் இதையே ஆண்டுக்கணக்கில் தினமும் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். அட்டையில் லெவோசல்பிரைடு என்று இருந்தால் இன்னும் கவனம் தேவை. வயதானவர்களுக்குக் கைநடுக்கத்தையும் உடல் விறைப்பையும் கொண்டுவரக்கூடியது, பெண்களுக்கு மாதவிடாய் தவறவும் மார்பில் பால் சுரக்கவும் காரணமாகலாம். வெறும் எதுக்களிப்புக்கு இந்தக் கூட்டு மருந்து எனக்குத் தேவையா என்று மருத்துவரிடம் நேராகக் கேளுங்கள். கேட்க வேண்டிய கேள்விதான் அது.

உடனடி ஆறுதலுக்கு வேறு மருந்துகள் உண்டு. அலுமினியமும் மெக்னீசியமும் கலந்த ஜெல் மருந்து சில நிமிடங்களில் எரிச்சலைத் தணிக்கும். வெறும் வயிற்றில் குடித்தால் அரை மணி முதல் ஒரு மணி நேரம், சாப்பாட்டுக்குப் பின் குடித்தால் 3 மணி நேரம் வரை நிற்கும். அலுமினியம் மலத்தைக் கட்டும், மெக்னீசியம் இளக்கும். இரும்புச்சத்து மாத்திரையையும் சில ஆன்டிபயாடிக்குகளையும் இதிலிருந்து 2 மணி நேரமாவது தள்ளிப் போடுங்கள். தைராய்டு மாத்திரைக்கு 4 மணி நேர இடைவெளி வேண்டும். நுரைத்துப் பொங்கும் சோடாப்பொடிகளில் சோடியம் அதிகம். ரத்த அழுத்தம், இதய, சிறுநீரக நோய் உள்ளவர்களுக்கு அது வேண்டாம். அதிலிருந்து கிளம்பும் வாயு வயிற்றை உப்பவைத்து வளையத்தை மறுபடி திறக்கவும் செய்யும்.

எதுக்களிப்புக்கென்றே பொருத்தமானது ஆல்ஜினேட் மருந்து. கடற்பாசியிலிருந்து எடுப்பது. இரைப்பையில் அமிலத்தோடு சேர்ந்ததும் ஆடை போலக் கெட்டியாகி உணவின் மேல் மிதக்கும். சாப்பாட்டுக்குப் பின் அமிலம் தேங்கி நிற்பது இரைப்பையின் வாசலருகே, உணவின் மேல்தட்டில்தான். ஆடை அங்கே மூடி போல உட்கார்ந்துகொள்ளும். சாப்பிட்ட பிறகும் படுக்கும் முன்னும், பாட்டிலில் போட்டிருக்கும் அளவில் குடியுங்கள். குடித்த கையோடு தண்ணீர் குடிக்காதீர்கள்.

இரவில் மட்டும் மீறி வரும் அமிலத்துக்குப் படுக்கும்போது ஃபாமோடிடின் 20 அல்லது 40 மி.கி. கொடுப்பார்கள். தினமும் போட்டால் ஓரிரு வாரங்களில் உடல் பழகி வீரியம் குறையும். தேவைப்படும் இரவுகளில் மட்டும் என்றால் நன்றாக வேலை செய்யும். அதே வகையைச் சேர்ந்த ரானிடிடினில் புற்றுநோயை உண்டாக்கக்கூடிய மாசு கூடுவது தெரியவந்ததால், அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2020 ஏப்ரலில் அதைச் சந்தையிலிருந்து விலக்கச் சொன்னது. வீட்டு அலமாரியில் பழைய அட்டை இருந்தால் ஃபாமோடிடினுக்கு மாற்றிக்கொள்வது பற்றிக் கேளுங்கள்.

இதய அடைப்புக்கு குளோபிடோக்ரெல் சாப்பிடுபவர்கள் ஒமிப்ரசோல், எசோமெப்ரசோல் இரண்டையும் தவிர்க்க வேண்டும். அவை அந்த மருந்தின் வீரியத்தைக் குறைக்கும். பான்டோபிரசோல் அவர்களுக்கு ஏற்றது. தைராய்டு மாத்திரை சாப்பிடுபவர்கள் புதிதாக இந்த வகை மருந்தைத் தொடங்கினால் 6 முதல் 8 வாரத்தில் டிஎஸ்எச் என்ற தைராய்டு ரத்தச் சோதனை பார்த்துக்கொள்ளுங்கள்.

வேறு மாத்திரைகளே காரணமாக இருக்கலாம்

முட்டிவலிக்கு டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக், தலைவலிக்கு இபுபுரோஃபென் என்று அடிக்கடி போடுகிறவர்களுக்கு வருவது உண்மையான அல்சராகவே இருக்கலாம். அம்லோடிபின் போன்ற ரத்த அழுத்த மருந்துகளும் ஆஸ்துமாவுக்கான தியோஃபிலினும் வளையத்தைத் தளர்த்தக்கூடியவை. இவற்றை நீங்களாக நிறுத்தாதீர்கள், மருத்துவரிடம் பட்டியலைக் காட்டுங்கள். டாக்ஸிசைக்ளின் போன்ற மாத்திரையை ஒரு மடக்குத் தண்ணீரில் விழுங்கி உடனே படுத்தால், அது உணவுக்குழாயிலேயே ஒட்டிக் கரைந்து புண்ணாக்கிவிடும். மறுநாள் எச்சில் விழுங்கினாலே நெஞ்சு வலிக்கும். ஒரு முழு டம்ளர் தண்ணீர், பிறகு அரை மணி நேரம் படுக்காமல் இருப்பது. இந்த இரண்டில் அது தவிர்ந்துவிடும்.

8 வாரத்தில் அடங்காவிட்டால்

நேரம் தவறாமல் போட்டும் கேட்கவில்லை என்றால் இரைப்பைக் குடல் மருத்துவரிடம் போக வேண்டிய கட்டம். எண்டோஸ்கோபிக்கு முன் மாத்திரையை 2 முதல் 4 வாரம் நிறுத்தச் சொல்லலாம். மருந்தின் கீழ் புண் ஆறிப் போயிருந்தால் நோயே தெரியாமல் போகும் என்பதால்தான். 6 முதல் 8 மணி நேரம் வெறும் வயிறு, தொண்டையில் மரத்துப்போகும் கசப்பான ஸ்பிரே, இடது பக்கம் படுத்த நிலையில் 5 முதல் 10 நிமிடம். மூச்சு முட்டுவது போலத் தோன்றும், ஆனால் குழாய் போவது உணவுக்குழாயில். மூச்சுப்பாதை திறந்தே இருக்கும். மூக்கு வழியாக மெதுவாக மூச்சு விடுவதில் கவனம் வையுங்கள். மரப்பு முழுதும் போகும்வரை தண்ணீர்கூடக் குடிக்க வேண்டாம், புரையேறும்.

அறிக்கையில் ‘கிரேடு ஏ’ முதல் ‘கிரேடு டி’ வரை எழுதியிருப்பார்கள். உணவுக்குழாய்ப் புண்ணின் கடுமையைச் சொல்லும் அளவுகோல் அது. சி, டி என்றால் கடுமை. பேரட்ஸ் என்ற சொல் இருந்தால், உணவுக்குழாயின் அடிப்பகுதித் தோல் மாறியிருக்கிறது என்று பொருள். சிறு அளவில் புற்றுநோய் வாய்ப்பு உள்ளது என்பதால் குறித்த இடைவெளியில் கண்காணிப்பார்கள். எண்டோஸ்கோபி சுத்தமாக இருந்தால் ‘நோயில்லை’ என்று முடிவாகாது. 24 மணி நேரம் மெல்லிய குழாயை வைத்து அமிலம் எத்தனை முறை ஏறுகிறது என்று அளக்கும் சோதனை அப்போதுதான் உதவும்.

எதுக்களிப்பு என்று தவறாக நினைக்கப்படும் நோய்கள் இரண்டை மறக்காதீர்கள். திட உணவு மட்டுமல்ல, தண்ணீரே சிக்குகிறது, படுத்தால் சாப்பிட்ட சோறு செரிக்காமல் புளிக்காமல் அப்படியே திரும்புகிறது என்றால் அகலேசியாவாக இருக்கலாம். அதில் வளையம் தளர்வதற்குப் பதில் திறக்க மறுக்கிறது, மாத்திரையால் தீராது. இன்னொன்று, ஆஸ்துமா, அலர்ஜி உள்ள இளைஞர்களுக்கு இறைச்சித் துண்டோ சப்பாத்தியோ அடிக்கடி சிக்குவது. இது உணவுக்குழாயின் அலர்ஜி அழற்சி. சதைத்துணுக்கு எடுத்துப் பார்த்தால்தான் தெரியும்.

உண்மையான அல்சர் என்று தெரிந்தால், இரைப்பையில் தங்கி அல்சரை உண்டாக்கும் ஹெச்.பைலோரி கிருமிக்குச் சோதனை அவசியம். ஆஸ்திரேலியாவின் பேரி மார்ஷலும் ராபின் வாரனும் இந்தக் கிருமியைக் கண்டறிந்து 2005-ல் நோபல் பரிசு பெற்றார்கள். மார்ஷல் நிரூபிப்பதற்காக 1984-ல் கிருமிக் கரைசலைத் தானே குடித்தார். மூச்சு அல்லது மலச் சோதனைக்கு முன் அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையை 2 வாரமும் ஆன்டிபயாடிக்கை 4 வாரமும் நிறுத்தியிருக்க வேண்டும், இல்லையென்றால் கிருமி இருந்தும் இல்லை என்று வரும். 14 நாள் கூட்டு மருந்தில் ஒரு வேளைகூட விடக் கூடாது. முடித்து 4 வாரம் கழித்து மறுசோதனை செய்து, கிருமி போனதை உறுதி செய்துகொள்ளுங்கள். பலர் இந்தக் கடைசிப் படியை விட்டுவிடுகிறார்கள்.

மருந்தை நிரந்தரமாகச் சார்ந்திருக்க விரும்பாதவர்களுக்கும் பெரிய ஹெர்னியா உள்ளவர்களுக்கும் அறுவை சிகிச்சை உண்டு. இரைப்பையின் மேற்பகுதியை உணவுக்குழாயைச் சுற்றி மடித்துத் தைப்பது. இன்று சிறு துளைகள் வழியாக, லேப்ராஸ்கோபியில் செய்கிறார்கள். அதற்கு முன் அமில அளவும் உணவுக்குழாய்த் தசையின் அழுத்தமும் அளந்திருக்க வேண்டும்.

கர்ப்பிணிகளும் குழந்தைகளும்

கர்ப்பத்தில் ஹார்மோன் வளையத்தைத் தளர்த்தும், வளரும் கருப்பை கீழிருந்து தள்ளும். கட்டில் உயர்வும் சிறுசிறு சாப்பாடும் முதலில், பிறகு மருத்துவரைக் கேட்டு ஆல்ஜினேட். சோடாப்பொடி வேண்டாம். கைக்குழந்தை பால் குடித்ததும் கக்குவது பெரும்பாலும் இயல்பு. எடை சரியாக ஏறினால் மருந்து தேவையில்லை, ஒரு வயதுக்குள் அடங்கும். பச்சை நிற வாந்தி, பீய்ச்சி அடிக்கும் வாந்தி என்றால் உடனே மருத்துவமனை. கக்குகிறதே என்று குழந்தையைக் குப்புறப் படுக்க வைத்துத் தூங்கவிடாதீர்கள்.

மாத்திரையை நிறுத்தும் முறை

8 வாரம் முடிந்து நன்றாக இருக்கிறது என்று ஒரே நாளில் நிறுத்தினால், பலருக்கு முதல் வாரத்திலேயே முன்பைவிட அதிகமாக எரியும். நோய் திரும்பிவிட்டது என்று பயந்து மறுபடி தொடங்குவார்கள். மாத்திரை அமிலத்தை அடக்கி வைத்திருந்த காலத்தில் உடல் அதிகச் சமிக்ஞை அனுப்பிப் பழகியிருக்கும். தடை நீங்கியதும் சில வாரங்கள் அமிலம் கூடுதலாகச் சுரக்கும். அது அடங்கிவிடும்.

ஆகவே இறங்குவது படிப்படியாக. நாளுக்கு இரண்டு என்றால் ஒன்றாக்கி 2 வாரம். 40 மி.கி. என்றால் 20 ஆக்கி 2 வாரம். பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள் 2 வாரம். அந்த இடைக்காலத்தில் எரிந்தால் ஆல்ஜினேட்டோ ஜெல் மருந்தோ எடுத்துக்கொள்ளுங்கள். கட்டில் உயர்வையும் சாப்பாட்டு நேரத்தையும் இந்தச் சமயத்தில்தான் கெட்டியாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். நிறுத்தி ஒரு மாதம் கழித்தும் வாரத்தில் பல நாள் எரிந்தால், கேட்கும் மிகக் குறைந்த அளவில் தொடர்வதில் தவறில்லை. ஆண்டுக்கணக்கில் தொடர்பவர்கள் பி12-யும் மெக்னீசியமும் அவ்வப்போது பார்த்துக்கொள்ளட்டும்.

சிலர் தாமாக நிறுத்தவே கூடாது: கிரேடு சி, டி புண் இருந்தவர்கள், பேரட்ஸ் உள்ளவர்கள், அல்சரில் ரத்தம் கசிந்த வரலாறு உள்ளவர்கள், வயதாகி ஆஸ்பிரினோ வலி மாத்திரையோ தினமும் சாப்பிடுபவர்கள். நீங்கள் எந்தப் பக்கம் என்று தெரியாவிட்டால் அடுத்த முறை சீட்டு எழுதும்போதே மருத்துவரிடம் கேளுங்கள். மாத்திரைப் பெயருக்குப் பக்கத்தில் ‘எதற்காக, எந்தத் தேதி வரை’ என்று அவர் கையாலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அந்தச் சீட்டை ஒரு போட்டோ எடுத்து போனில் வைத்திருந்தால், வேறு மருத்துவரிடம் போகும்போது அதே மாத்திரை இன்னொரு பெயரில் இரண்டாம் முறை எழுதப்படாமல் இருக்கும்.